தம்பிக்கு, பிரேக் விஷயமாக

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல இருக்கிறது. போனில் பேசலாம்தான். நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் அம்மா வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதனால் இந்தக் கடிதம்.

அக்கா படம் காட்டினாள். நம் அம்பாசிடரின் முன்சக்கரம் இரண்டும் கழன்று கிடக்கின்றன, நீ கைலியோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாய். டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுகிறாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, வண்டியை உன் பேருக்கு மாற்றிக் கொடுத்தாகிவிட்டது, உன் இஷ்டம். முதல் படம் செவ்வாய்க்கிழமை மதியம் எடுத்தது என்று அக்கா சொன்னாள். அடுத்தது வியாழக்கிழமை, 11 மணி வெயில். லீவு போட்டிருப்பாய்.

வேலை எப்படிப் போகிறது? பிரேக் வேலையைத்தான் கேட்கிறேன்.

டிஸ்க் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. டிரம் சக்கரத்துக்குள்ளே மூடிக் கிடக்கிறது, சூடு வெளியே போக வழியில்லை. மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூட்டில் விரிந்து, உள்ளேயிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் காற்றில் நிற்கிறது, சீக்கிரம் ஆறும். ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே. டிரம்மில் முன்னே உருளும் சக்கரமே ஷூவை இழுத்து அழுத்திக் கொடுக்கும், பாதி வேலையை அதுவே செய்துவிடும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் இல்லாமல் போட்டால் பெடல் கல்லு மாதிரி இருக்கும், மருமகளால் மிதிக்கவே முடியாது. டிஸ்க்கைப் பேடால் கவ்வும் காலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதிக பிரேக் ஆயில் கேட்கும், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தள்ளாது. டிரம் வண்டியில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்க ஒரு வால்வு இருக்கும். முன்பக்க லைனில் அது இருந்தால் எடுத்துவிடு, இல்லாவிட்டால் பேடு டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே ஓடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நம் வண்டி 1984 மாடல், ஒற்றை லைன். நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்கே ஒரு இடத்தில் ஒழுகினாலும் நாலும் போச்சு. டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போட்டால் முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்தும். டிஸ்க்குக்குக் காசு பற்றாவிட்டால் டிஸ்க்கைத் தள்ளிப் போடு, டேண்டமைத் தள்ளிப் போடாதே.

ஜாக்கியை நம்பாதே. ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

பழைய வண்டியில் கழற்றிய செட் வாங்கியிருக்கிறாய் என்று படத்திலேயே தெரிகிறது, துரு இருக்கிறது. புதுசு வாங்குகிறவன்தான் நீ. செருப்புகூட புதுசாக இல்லாவிட்டால் போட மாட்டாய். பரவாயில்லை, பழையதிலும் நல்லது கிடைக்கும். டிஸ்க்கின் கனத்தை அளந்து பார், காலிப்பர் சீல், பேரிங், ஹோஸ் மட்டும் புதுசு போடு. அதில் மிச்சம் பிடிக்காதே.

போன வாரம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பட்டறை பாயிடம் போனேன். ஆமாம், போனேன். பட்டறையை இப்போது மகன் பார்க்கிறான், பாய் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் புரை. போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஹோஸ் முறுக்கிக்கிட்டு இருக்கு, நேரா மாட்டச் சொல்லுங்கண்ணே. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, டயர்ல உரசுதான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நட்டையெல்லாம் தட்டுல வரிசையா வச்சிருக்கான் பாருங்க. நம்ம பழக்கம்" என்றார். எனக்கு டீ சொன்னார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நீ அங்கேதான் கிடப்பாய். பிரேக் லைனில் சிக்கிய ஏர் எடுக்கும்போது பாய் உன்னைத்தான் சீட்டில் உட்கார வைப்பார். கால் எட்டாமல் சீட்டின் நுனிக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பெடலை மிதிப்பாய். "அமுக்கு... பிடி... விடு." 1998-க்கு அப்புறம் அங்கே போகக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். நீயும் ஏன் என்று கேட்கவில்லை.

தம்பி, அன்றைக்குக் கொடைக்கானலில் நடந்ததற்குப் பாய் காரணமில்லை.

குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போய்விட்டு இறங்கினோமே, அதற்கு இரண்டு வாரம் முன்பே பின்பக்க இடது சக்கரம் உள்பக்கமாக ஒழுகியது. பாய் பார்த்துவிட்டு, "சிலிண்டருக்கு கிட்டு மாத்தணும், அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்கண்ணே" என்று சொல்லித்தான் அனுப்பினார். நான் மாற்றவில்லை. டிக்கியில் ஆயில் டின் வைத்துக்கொண்டு, தினம் காலையில் குறைகிற அளவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். காசு இல்லை. அந்த இரண்டு மாதமும் சவாரியே இல்லை, டியூ கட்டவில்லை, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பெரியார் ஸ்டாண்டு பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு, இருட்டியதும் வருவேன். அம்மா தூக்கில் சோறு கட்டிக் கொடுப்பாள், அதைச் சாப்பிடுவதற்கே கூச்சமாக இருக்கும். கோவிலுக்குப் போகலாம் என்று அவள் கேட்டபோது, முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் போனோம்.

பெருமாள்மலை தாண்டிய இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, ஹேண்ட் பிரேக். பள்ளம் ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம். பாறையோடு உரசி நிறுத்தினேன். அம்மா நெற்றியில் இருப்பது அந்தத் தழும்புதான். நீ அழுதாய். வாயை மூடு என்று உன்னை அடித்தேன். கீழே வந்ததும், பாய் வாஷரைச் சரியாகப் போடவில்லை என்று ஸ்டாண்டு முழுக்கச் சொன்னேன். அவர் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லவில்லை.

போன வாரம் டீ குடிக்கும்போதும் அவரிடம் எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் எழுதிவிட்டேன், அவ்வளவுதான். அம்மாவிடம் நீ சொல்லாதே, நான் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மூலம் 25,000 ரூபாய் போட்டிருக்கிறேன். அது டேண்டம் சிலிண்டருக்கும் பூஸ்டருக்கும். மிச்சம் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம், பற்றாவிட்டால் சொல். பாங்கில் சும்மாதான் கிடக்கிறது. ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடைக்காத டின். திறந்து வைத்த டின்னை ஊற்றாதே, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கும், சூட்டில் கொதித்துவிடும். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

ஏர் எடுக்கும்போது பெடலுக்கு யார் உட்காருகிறார்கள்? மருமகள் ஆபீஸ் போய்விடுவாள், அந்த நேரத்தில் நீ தனியாகத்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன். காலை வைகையில் ஏறினால் மதியம் எழும்பூர் வந்துவிடுவேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன். நீ கீழே படுத்துக்கொண்டு சொல், நான் அமுக்குகிறேன்.

அப்பா

பி.கு.: இரண்டாவது படத்தில் வண்டிக்கு அடியில் செங்கல் தெரிகிறது. செங்கல் நொறுங்கும். இன்றைக்கே எடுத்துவிட்டு ஸ்டாண்டு வை.