பேசி முடிக்கப்படும் புகார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகளில் நடந்த பாலியல் கொடுமைகளுக்கு வழங்கப்பட்ட இழப்பீட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தொகையைக் கண்டே மலைத்துவிடுகிறோம். மருத்துவர் லாரி நாசரால் பாதிக்கப்பட்டவர்களுக்காக மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் 50 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மற்றொரு நிறுவனமான மிச்சிகன் பல்கலைக்கழகம், ராபர்ட் ஆண்டர்சன் என்ற மருத்துவர் தொடர்பாக 2022இல் 49 கோடி டாலருக்கு இணங்கியபோது, அவர் இறந்தே பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

என்னை உறுத்துவது தொகையன்று, 2014ஆம் ஆண்டு. அந்த ஆண்டில் ஒரு பெண் நாசர்மீது புகார் அளித்தார், பல்கலைக்கழகமும் விசாரித்தது. ஆனால், நாசர் செய்தது முறையான சிகிச்சையா என்று கருத்துக் கேட்கப்பட்ட மருத்துவர்கள் அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள். சிகிச்சைதான் என்று முடிவாயிற்று. 2016 வரை அவர் பணியில் நீடித்தார். விசாரணையே நடக்காமல் போனதைவிட, வீட்டு ஆட்களை வைத்தே விசாரித்து முடித்தது பெரிய தீங்கு என்பேன். இழப்பீட்டோடு விடாமல், கல்லூரி வளாகப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்காக அந்நாட்டுக் கல்வித் துறை 2019இல் 45 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் நம் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதில் பின்தங்கியதன்று. விளையாட்டரங்கும் பயிற்சி நிலையமும் அதன்படி பணியிடமே. புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே அமைக்கப்படும் உள்ளகக் குழுவில் வெளியார் ஒருவர் இருந்தாக வேண்டும். சமரசம் செய்யப் பணத்தை அடிப்படையாக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவர்களுக்கும் பொருந்துகின்றன, ஆண் மாணவர்கள் உட்பட. (ஆண்டர்சனிடம் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.)

ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு புகார், குழுவின் மேசைக்கு வரும் முன்பே "பேசி முடித்து" விடுகிறார்கள். நிர்வாகத்துக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் மாலையில் வீட்டுக்கு வருவார். பிள்ளையின் படிப்பு, நாளைய கல்யாணம், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் என ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். பணமும் கைமாறாது, காகிதமும் எழுதப்படாது. பல்கலைக்கழகப் போட்டிக்காகத் திருநெல்வேலிக்கு அணியை அழைத்துச் செல்லும் பயிற்சியாளர்மீது யாரிடம் முறையிடுவது என்று என் மகளின் அணியில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் பேருந்துக் கட்டணச் சலுகை பற்றிய தாள் மட்டும் மூன்று ஒட்டியிருந்தன.

உள்ளகக் குழு தன் ஆண்டறிக்கையை நிர்வாகத்துக்கு மட்டுமின்றி மாவட்ட அலுவலருக்கும் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனவே, இம்மாவட்டத்துக் கல்லூரிகளில் எவை அறிக்கை அனுப்பின, எவை அனுப்பவில்லை, வெளி உறுப்பினர் யார், எத்தனை புகார்கள் வந்தன என்னும் விவரங்களை மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைக்கும் விதிக்கு இது எவ்வகையிலும் முரணாகாது.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். மகளுக்கு இன்னும் ஓராண்டுப் பயிற்சி அதே மைதானத்தில்தான்.

இப்படிக்கு,
தடகள வீராங்கனை ஒருவரின் தந்தை,
தக்கலை.