மலையகப் பாடசாலை விஞ்ஞான மன்றங்களுக்கு: பூச்சி பதிந்த அம்பரை வாங்குமுன்

மதிப்புக்குரிய பொறுப்பாசிரியர்களே,

அம்பர் என்பது கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின். 9.9 கோடி ஆண்டுப் பழைமையான மியன்மார் அம்பரிலிருந்து 2009இல் விவரிக்கப்பட்ட மைக்ரோபோரஸ் இனெர்டஸ், ஒரு பட்டை வண்டு. கவ்வாத்து நேரத்தில் தேயிலைத் தண்டில் ஊசித்துளை இடுவது எதுவென்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தண்டைத் துளைக்கும் அந்த வண்டும் இதே உபகுடும்பம்தான். ஆகவே கண்காட்சிக்கு அம்பர் வைக்கும் யோசனை நல்லதே. ஆனால் கோபால் (copal) எனும் முதிராத மரப்பிசினையும் பிளாஸ்திக்கையும் அம்பர் என்று விற்பவர்கள் அதிகம். காசு கொடுக்குமுன், அல்லது திருப்பி அனுப்பும் காலம் முடியுமுன், சோதித்துவிடுங்கள்.

250 மில்லிலீற்றர் நீரில் 50 கிராம் உப்பைக் கரையுங்கள். துண்டை அமிழ்த்தி, ஒட்டிய காற்றுக் குமிழிகளை அகற்றி விடுங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்கலைற் எனும் பழைய வகைப் பிளாஸ்திக்கும் தாழும். உலோகக் கொக்கி இருந்தால் கழற்றாமல் சோதிப்பது வீண். மிதந்துவிட்டது என்று மகிழவும் வேண்டாம்: கோபாலும் பொலிஸ்ரைரீன் பிளாஸ்திக்கும் மிதக்கும். எனவே நல்ல நீரில் கழுவித் துடைத்து, பூச்சியிலிருந்து விலகிய ஓரத்தில் ஒரு துளி அசற்றோன் விட்டு, அரை நிமிடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அம்பரல்ல. கோபால் இளம் பிசின். அதன் மூலக்கூறுகள் இன்னும் முழுதாகப் பிணையவில்லை, அதனால்தான் கரைகிறது. சூடான ஊசியால் குத்தும் பழைய முறையைக் கைவிடுங்கள், துண்டில் விரிசல் விழும்.

கண்ணும் ஒரு கருவிதான். நடுவில், கால் விரித்து, படத்துக்கு நின்றதுபோல் பெரிய பூச்சி இருந்தால் சந்தேகியுங்கள். உண்மையானவை பெரும்பாலும் சில மில்லிமீற்றர்தான். ஒரு கால் மடங்கி, ஓர் இறகு கசங்கி, பக்கத்தில் குமிழியோடு கிடக்கும்.

வளைந்த மேற்பரப்பு உருவைத் திரிக்கும். ஒரு துளி கிளிசரீன் விட்டு மூடித்தகடு வைத்தால் ஒளி அவ்வளவு வளையாது; காலின் மயிர்கள்கூட நுணுக்குக்காட்டியில் தெளியும். பிறகு துடைத்து, வெயில் படாத பெட்டியில் வையுங்கள். ஸ்பிரிற்றும் வாசனைத் திரவியமும் கிட்ட வரக்கூடாது.

மியன்மார் அம்பர் கிடைக்கும் ஹூக்கோங் பள்ளத்தாக்குச் சுரங்கங்கள் ஆயுத மோதலில் சிக்கியவை. மியன்மார்த் துண்டைத் தவிர்த்து, ஆவணம் உள்ள பால்ற்றிக் அம்பரை வாங்குங்கள்.

விவரச்சீட்டில் இனப்பெயரை ஊகித்து எழுதாதீர்கள், குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். "புதிய இனம்" என்று பலகை வைக்கவே வேண்டாம். அதற்கு உறவினங்களோடு ஒப்பிட்ட விவரணை வெளியாக வேண்டும், பெயர் தாங்கும் மாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமான துண்டு) எது, எங்கே இருக்கிறது என்பதும் அதில் பதிவாக வேண்டும். உங்கள் துண்டு கோபால் என்று தெரிந்தால் அப்படியே எழுதி வையுங்கள், பக்கத்தில் ஒரு கட்டி குங்கிலியத்தோடு.

இப்படிக்கு,
பூச்சியியல் ஆர்வலர்கள் சிலர்