வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது, கடன் இல்லை. மாதக் கூட்டங்கள் அநேகமாக ஒழுங்காக நடந்தன, பரீட்சை நேரத்தில் மட்டும் நாற்காலிகளுக்கு வேலையில்லை.

இந்த வருடம் அதிகம் சிரித்த கூட்டம் அமெரிக்க எழுத்தாளர் டி. கிங்ஃபிஷரின் 'ஸ்வார்ட்ஹார்ட்' (2018) நாவலைப் பற்றிப் பேசியதுதான். மாயாஜாலக் காதல் கதையா, அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று முதலில் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் கதாநாயகி ஹல்லா இளவரசி இல்லை, முப்பதைத் தாண்டிய விதவை. பெரியவர் ஒருவருக்கு வீட்டு நிர்வாகம் பார்த்தவள், அவர் சொத்தையெல்லாம் இவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூட, சொந்தக்காரர்கள் இவளை அறையில் பூட்டிவைத்து, கை எப்போதும் ஈரமாகப் பிசுபிசுக்கும் ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். இந்தச் சொத்து அரசியலை நம் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை! சாவதே மேல் என்று சுவரில் தொங்கிய வாளை உருவுகிறாள், உள்ளேயிருந்து சார்க்கிஸ் என்ற வீரன் குதிக்கிறான். யாரை வெட்ட வேண்டும் என்று அவன் நிற்க, இவள் கேள்வி மேல் கேள்வி கேட்டே அவனைக் களைப்பாக்குகிறாள். அப்புறம் சொத்து வழக்குக்கு வருகிற வக்கீல், எலிக் கடவுளின் பூசாரி ஸேல். எனக்கு இவரைத்தான் அதிகம் பிடித்தது.

குறையும் சொன்னோம். ஒரே சாலையில் போவதும் வருவதுமாக நடுப்பகுதி இழுக்கிறது, காதலைச் சொல்ல ஹல்லாவும் சார்க்கிஸும் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நமக்கே பொறுமை போய்விடும்.

கிங்ஃபிஷரின் சொந்தப் பெயர் அர்சுலா வெர்னான். அந்தப் பெயரில் குழந்தைகள் புத்தகங்கள், 2012இல் அறிவியல் புனைவு, மாயாஜாலக் கதைகளுக்குக் கொடுக்கும் ஹியூகோ விருது வாங்கிய 'டிக்கர்' என்ற சித்திரக்கதை. கிங்ஃபிஷர் என்ற பெயரில் 2023இல் ஹியூகோ வாங்கிய 'நெட்டில் அண்ட் போன்' நாவல், போதாததற்குத் திகில் கதைகள் வேறு. ஒரே ஆள் இத்தனையும் எழுதியிருப்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள்.

வருகிற ஆண்டுக்கு இவருடைய 'வாட் மூவ்ஸ் த டெட்' என்ற, காளான் நிறைந்த திகில் குறுநாவலை முன்மொழிகிறேன். காளான் பிடிக்காதவர்கள் யோசித்துக் கை தூக்கவும். சுற்றுக்குப் போன 'ஸ்வார்ட்ஹார்ட்' பிரதி யாரிடம் இருக்கிறதோ, சந்தா கட்ட வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள்.

செயலாளர்