மூளை போகலை கண்ணு

பெருந்துறை,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

போனில் நீ சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போதை ஊசியை விட்டு நாலு மாசம் ஆகிறது, நடுக்கமும் உடம்பு வலியும் போய்விட்டன. ஆனால் வேலையிடத்தில் லாட் நம்பர் மனசில் நிற்பதில்லை, பண்டல் எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒண்ணிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது. "மூளையே போயிருச்சும்மா" என்றாய். போகவில்லை. அது மந்தப்பட்டிருக்கிறது. மந்தத்துக்கு என்ன காரணம் என்று தேடலாம், பாதியையாவது சரிசெய்யலாம்.

சிக்குன்குனியா வந்து படுத்தவர்களை நீயே பார்த்திருக்கிறாய். சூடு இறங்கிய பிறகும் பேச்சுக்குப் பதில் சொல்லச் சோம்பி, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். உடம்பில் எங்கே அழற்சி, அதாவது உள்வீக்கம், இருந்தாலும் ரத்த அணுக்கள் சைட்டோகைன் என்ற பொருள்களை விடும். இன்டர்லூக்கின் 6, டி.என்.எஃப். ஆல்ஃபா என்று அவற்றில் பல வகை. ரத்தத்தின் வழியாகவும் மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பின் வழியாகவும் சேதி மூளைக்குப் போகிறது. அங்கே மைக்ரோக்ளியா என்ற காவல் அணுக்கள் இருக்கின்றன. குப்பையை அள்ளுவது, வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பது அவற்றின் அன்றாட வேலை. உசுப்பிவிட்டால் அவையும் அதே சைட்டோகைனை உள்ளேயே கக்கும். அப்போது செரடோனின் செய்ய மூலப்பொருளான டிரிப்டோபேன் வேறு பாதைக்குத் திரும்பிவிடுகிறது, டோபமின் உற்பத்தியும் குறைகிறது. மூளையில் சேதி கடத்தும் இந்த இரண்டு பொருளும் குறைந்தால் மனசு ஓடாது. ஒரு எண்ணைத் தலையில் பிடித்துக்கொண்டே வேறு வேலை செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் வேலை. பண்டல் கணக்கு தவறுவது அங்கேதான். காய்ச்சல்காரருக்கு இந்த மந்தம் சில வாரம் இருக்கும். போதைப் பழக்கம் உள்ளவர் உடம்பில் அழற்சியைக் கிளப்பும் இடம் நாலைந்து இருப்பதால் மாசக்கணக்கில் இழுக்கும்.

போதைப்பொருளும் சும்மா இருப்பதில்லை. மார்பின் வகை வலி மருந்துகள் அந்தக் காவல் அணுக்களை நேரடியாகவே உசுப்புவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். மெத் (மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்) உனக்குப் பழக்கமில்லை, ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழு 2001இல் எழுதியது: மெத் பழக்கத்தை விட்டவர்களில் சிலரை 12 முதல் 17 மாசம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தபோது டோபமினை நரம்பு அணுவுக்குள் திருப்பி எடுக்கும் கடத்திகள் கணிசமாகத் திரும்பியிருந்தன. ஞாபகப் பரீட்சை மார்க் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஸ்கேன் முந்தும், மார்க் பிந்தும். நாலு மாசத்தில் நீயே உனக்குத் தீர்ப்பு எழுதாதே.

இனி எங்கெங்கே தேடுவது என்று சொல்கிறேன்.

முதல் இடம் ஈரல். வலி மாத்திரையைக் கரைத்துக் குத்தினவர்கள் ஊசியை மட்டுமல்ல, கரைத்த கிண்ணத்தையும் பஞ்சையும் பகிர்ந்தாலே ஹெபடைட்டிஸ் சி தொற்றும். வருசக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் உட்கார்ந்திருக்கும். அசதியும் கவனக் குறைவும்தான் வெளியே தெரியும். அந்த வைரஸை எதிர்த்து உடம்பு செய்த பொருளைத் தேடும் ஆன்டி எச்.சி.வி. பரிசோதனை முதலில். அது பாசிட்டிவ் என்றால் பயந்து ஊருக்கு ஓடி வந்துவிடாதே, ஒரு முறை தொற்றியிருந்தாலே அது ஆயுசுக்கும் பாசிட்டிவ் காட்டும். தானே குணமானவர்களும் உண்டு. இப்போது வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ. பரிசோதனை. இருந்தால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் போய்விடும். 2018 ஜூலையில் தொடங்கின தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். முடித்து 12 வாரம் கழித்து இன்னொரு சோதனை, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குணமானாலும் மறுபடி தொற்றலாம், தடுப்பூசி கிடையாது. ஹெபடைட்டிஸ் பி-க்கு உண்டு: 0, 1, 6 மாசம் என்று மூன்று ஊசி. எச்.ஐ.வி. சோதனையை அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள், பேரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, குத்தின இடங்கள். விழுங்கச் செய்த மாத்திரையில் டால்க், மாவு, செல்லுலோஸ் எல்லாம் கலந்திருக்கும். அவை ரத்தத்தில் கரையாது. நாளத்தை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கி அங்கே அழற்சியைக் கிளப்பும். கையில் கட்டி, கயிறு மாதிரி தடித்த நரம்பு, படி ஏறினால் மூச்சு வாங்குவது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். இதைவிட முக்கியமானது காய்ச்சல். ஊசி போட்டுக்கொண்டவருக்குக் குளிருடன் வரும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணக் கூடாது. இதய வால்வில் கிருமி குடியேறியிருக்கலாம். மெடிக்கல்ஸில் நாலு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டால் ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அது தெரியாமல் போகும், வியாதி மட்டும் உள்ளே வளரும். அன்றைக்கே பெரியாஸ்பத்திரி. ஊசிப் பழக்கம் இருந்தது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடு, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் மருந்து ஏற்றுவார்கள்.

மூன்றாவது வாய். இதை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில்தான் கோபம். ஈறில் ரத்தம் கசிந்தால் அங்கே ஆறாத புண் இருக்கிறது என்று அர்த்தம், நாள் முழுக்க அங்கிருந்து அழற்சி கிளம்பும். போதை ஏக்கத்தை அடக்க நீ நாக்குக்கடியில் வைக்கும் பூப்ரநார்ஃபின் மாத்திரையும் பல்லுக்கு ஆகாது. முழுக்கக் கரைந்த பிறகு ஒரு வாய்த் தண்ணீரை மெதுவாகக் கொப்பளித்து விழுங்கு. பல் தேய்ப்பதற்கு ஒரு மணி நேரம் பொறு, உடனே தேய்த்தால் எனாமல் தேயும். கன்னத்தில் ஒதுக்கும் புகையிலையை விட்டாயா என்று நான் கேட்கவில்லை, பல் டாக்டர் கேட்பார்.

அந்த மாத்திரையையே விடு என்று ஒறம்பரையில் யாராவது சொல்வார்கள், "அதுவும் போதைதானே" என்பார்கள். கேட்காதே. ஒரே அளவில் இருக்கும்போது தினமும் ஏறி இறங்கும் ஆட்டம் இல்லை, மூளைக்கு வேண்டியது அந்த நிதானம்தான். நீயாகவே நிறுத்திவிட்டுப் பழைய அளவைக் குத்தினால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுபோகும். பழக்கம் விட்ட உடம்புக்குப் பழைய அளவே விஷம்.

பீர் மட்டும்தானே என்கிறாய். பீரிலும் இருக்கிற சாராயம் குடலின் சுவரைக் கசிய விடுகிறது. குடல் கிருமிகளின் மேலோட்டுப் பொருள் அந்தக் கசிவு வழியாக நேரே ஈரலுக்குப் போய் அங்கே தீ மூட்டுகிறது. பூப்ரநார்ஃபினோடு பீரோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கும். வாரத்துக்கு ஒரு நாள்தான் என்றாலும் அதே கதைதான். உன் கூட்டாளிகளில் தினமும் குடிப்பவன் எவனாவது திடீரென்று குழம்பி, நடை தள்ளாடி, கண் ஆடினால் போதை என்று படுக்க வைத்துவிடாதீர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவால் வருவது அது, அவசரம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போட வேண்டும். குடிகாரன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் இவற்றைக் கேட்டு வாங்கு: ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈரல், சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு, பி12, எச்.ஐ.வி., இரண்டு ஹெபடைட்டிஸ், சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். தைராய்டும் பி12-ம் குறைந்தாலும் இதே மறதிதான் வரும், மாத்திரையில் தீரும். சி.ஆர்.பி. எண்ணைப் பார்த்து மிரளாதே. சளி, பல்வலி, புகை, தூக்கமின்மை, தொப்பை எதுவும் அதை ஏற்றும். இதயத்துக்குப் பார்க்கும் நுண் சி.ஆர்.பி.யில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் உடம்பில் புதிதாக ஏதோ ஓடுகிறது, அதைப் பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அது மூளையின் மார்க் இல்லை.

மூளைக்கு மார்க் வேண்டுமென்றால் மனநலப் பிரிவில் மோக்கா என்ற பரீட்சை கேள், பத்து நிமிஷம், 30 மார்க். ஐந்து சொல்லைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். 26-ம் அதற்கு மேலும் சரி. பன்னிரண்டு வருசம் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மார்க் சேர்ப்பார்கள், நீ பிளஸ் டூ என்பதை ஞாபகப்படுத்து. தூங்காத மறுநாள் போகாதே. ஆறு மாசம் கழித்து மறுபடி எழுது. இரண்டு மார்க்குக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் எனக்கு வேண்டும்.

இனி வாங்கக் கூடாதது. வீக்கம் என்றதும் டைக்ளோஃபெனாக், புரூஃபன் என்று மெடிக்கல்ஸில் நிற்பாய். வயிறும் சிறுநீரகமும் போகும், மறதிக்கு அது மருந்தில்லை. இபுடிலாஸ்ட் என்ற அழற்சி மருந்தை மெத் பழக்கத்தை விட முயன்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், விட உதவவில்லை. ஞாபக டானிக் விளம்பரம் எல்லாம் காசுக்குக் கேடு. நம் ஈரோட்டு மஞ்சளும் சேர்த்தி. கோபித்துக்கொள்ளாதே, மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான். ஒரு டீஸ்பூனில் நூறு மில்லிகிராம்கூடத் தேறாது, அதிலும் குடல் உறிஞ்சுவது கொஞ்சம். ரசத்தில் போட்டுக்கொள், ருசிக்கு நல்லது. குர்குமின் மாத்திரையாக வாங்கினால் சிலருக்கு ஈரலே கெட்டிருக்கிறது, உன் ஈரல் நிலவரம் தெரியும் வரை கிட்டப் போகாதே.

நைட் ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேள். தூக்கம் குறைந்தாலும் சைட்டோகைன் ஏறும், மறதி இரட்டிப்பாகும். ராத்திரி பத்தரைக்குப் படுத்தால் தூக்கம் வராவிட்டாலும் காலையில் ஆறுக்கு எழுந்துவிடு, பகலில் படுக்காதே. ஒரு மூணு வாரம் ஆகும் ஒழுங்குக்கு வர. பொழுதோட அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நட. மெஸ்ஸில் கொள்ளுப் பருப்பு, கீரை, முட்டை கிடைக்கிற நாளில் பரோட்டாவைத் தொடாதே.

கணக்குக்குத் தலையை நம்பாதே இப்போதைக்கு. பண்டலுக்கு ஒரு சாக்பீஸ் கோடு, ஐந்தாவது குறுக்கே. யாராவது கூப்பிட்டால் முதலில் கோடு, அப்புறம் "என்னுங்கண்ணா". லாட் நம்பரைச் சட்டைப் பையில் எழுதிவை. அடுத்தடுத்த வேலையை மேஸ்திரியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கால் முறிந்தவன் கட்டை ஊன்றுகிற மாதிரி.

மறுபடி கை பரபரத்தால் போதை மீட்பு உதவி எண் 14446, ராத்திரி மனசு கெட்டால் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரண்டும் இலவசம். நம்பரைப் போனில் ஏற்றிவிட்டாயா?

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு, சர்க்கரைக்கு வெறும் வயிற்றில், எட்டு மணிக்கே ஓ.பி. சீட்டு வாங்க நில். அதே நாளில் பல்லையும் காட்டிவிடு. ரிப்போர்ட்டுகளை ஒரே கவரில் போட்டு நோம்பிக்கு வரும்போது எடுத்துவா. எச்.சி.வி. முடிவு மட்டும் காத்திருக்க வேண்டாம், கைக்கு வந்த அன்றைக்கே போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி.

அம்மா