பாலைக்கு வெட்பாலையின் பெயரைப் போட்டவர்களுக்கு

குளக்கட்டுப் பூங்காவில் மரங்களுக்குப் பெயர்ப்பலகை அடித்த அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

வன்னியில் பிறந்த பிள்ளைகளுக்கே வீரையும் முதிரையும் எது எதென்று தெரியாத காலத்தில் இதைச் செய்தீர்களே, அதற்கு நன்றி. ஆனால் வாசலில் நிற்கிற பெரிய பாலையில் 'ரைட்டியா டிங்டோரியா' என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெட்பாலையின் அறிவியல் பெயர். யாரோ போனில் 'பாலை' என்று தேடி முதலில் வந்ததைப் போட்டுவிட்டீர்கள் போல.

போன ஆடியில் ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு, கையில் பாலைப்பழத்தோடு அம்மாவின் போனில் தேடியது. வந்ததோ சோடி சோடியாக நீளக்காய் தொங்கும் படம். படத்தைப் பார்த்தது, பழத்தைப் பார்த்தது, கடைசியில் பழத்தைக் கீழே போட்டுவிட்டது. பேணிக்கணக்கில் வாங்கி, சொண்டில் பால் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தின்று வளர்ந்த எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

குழப்பத்தில் தமிழுக்கும் பங்கு உண்டு, கீறினால் பால் வடிகிற பல மரங்களுக்குப் பாலை என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் அலரியின் குடும்பம். நம்முடைய காட்டுப்பாலை இலுப்பையின் குடும்பம். அதன் அறிவியல் பெயர் மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா.

இதில் பெரிய ஆட்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1795இல் ரொக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் இந்தக் காட்டுப்பாலையை மகிழ மரத்தின் பேரினமான (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) மிமுசொப்ஸில் சேர்த்தார், 1915இல் டுபார் என்ற பிரெஞ்சுக்காரர்தான் மணில்காராவுக்கு மாற்றினார். பூவைக் கவிழ்த்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: மகிழம்பூவின் புல்லிகள், அதாவது பூவின் வெளியிதழ்கள், நாலு நாலாக இரண்டு அடுக்கு, பாலைப்பூவில் மூன்று மூன்றாக. மணில்காரா என்ற பெயர்கூட மலையாளத்திலிருந்து போனதுதான், 1763இல் அதைப் பேரினப் பெயராக வைத்தவர் அடன்சன் என்ற தாவரவியலாளர்.

இன்னொன்று. மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்த சப்போட்டாவும் இதே பேரினம். இந்தியாவில் சப்போட்டாவைப் பாலைக் கன்றில்தான் ஒட்டுகிறார்கள். வெட்பாலையில் ஒட்டிப் பாருங்களேன், பிடிக்கிறதா என்று! இதையும் பலகையில் ஒரு வரி எழுதினால் பிள்ளைகள் நின்று படிக்கும்.

அடுத்த ஆனிக்கு முன் மாற்றிவிடுங்கள். அப்புறம், புதுப்பலகையை மரத்தில் அடிக்காமல் பக்கத்தில் ஒரு கம்பு நட்டுக் கட்டுங்கள். பழைய ஆணி இறங்கிய இடத்தில் வடிந்த பால் இன்னும் காய்ந்து கிடக்கிறது.