ஆண்டறிக்கை: எடி ஃபுட்ச்சும் நமது புதிய தீர்மானமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பயிற்சியாளர்களே, உறுப்பினர்களே, வீரர்களின் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். பழைய கையுறைகளை மாற்றிவிட்டோம். ரிங்கின், அதாவது குத்துச்சண்டை மேடையின், கயிறுகளை மாற்றுவது பாக்கி. சந்தா நிலுவை வைத்திருப்போர் யார் என்று அவரவருக்கே தெரியும் என்பதால் பெயர்களைப் படிக்கவில்லை.

இந்த ஆண்டு நம் கூடத்தில் அதிகம் அடிபட்ட பெயர் நம் வீரர் எவருடையதும் அல்ல; அமெரிக்கக் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் எடி ஃபுட்ச்சின் பெயர். மாதக் கூட்டங்களில் பழைய போட்டிகளின் பதிவுகளைப் போட்டுப் பார்த்தபோது, ரிங்கின் ஏதோ ஒரு மூலையில் இவர் அடிக்கடி நின்றுகொண்டிருந்தார். யார் இவர் என்று தேடப் போய்த்தான் இவ்வளவும்.

1911-இல் மிசிசிப்பியில் பிறந்து, டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். குறைந்த எடைப் பிரிவான லைட்வெயிட்டில், 1933-இல் டெட்ராய்ட் கோல்டன் குளோவ்ஸ் என்ற அமெச்சூர் போட்டியின் பட்டம் வென்றார். தம்மைவிட எவ்வளவோ கனமான, பின்னாளில் உலக ஹெவிவெயிட் சாம்பியனான ஜோ லூயிசுடன் ஸ்பாரிங் (பயிற்சிக்கான மோதல்) செய்தவர். இதயத்தில் குறை இருப்பது தெரியவந்ததால் தொழில்முறைக்குப் போக முடியாமல் பயிற்சியாளரானார். முகமது அலியைத் தொழில்முறையில் வென்றவர்கள் ஐந்தே பேர். அவர்களில் பிரேசியர், நார்டன், ஹோம்ஸ், பெர்பிக் ஆகிய நால்வரும் ஏதோ ஒரு காலத்தில் ஃபுட்ச்சிடம் பயின்றவர்கள்.

அவருடைய பலம் கண்ணில் இருந்தது. அலி வலது கையால் அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) வீசும்போது அந்தப் பக்கம் முகம் திறந்துவிடுகிறது என்று கவனித்து, அந்த நொடியில் இடது ஹூக்கை (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்தை) போடும்படி பிரேசியரைத் தயார் செய்தார். 1971-இல் பிரேசியர் வென்றார். 1973-இல் நார்டனுக்குச் சொன்ன பாடம் வேறு: அலி ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) விடும்போது பின்வாங்காதே, நீயும் அதே நேரத்தில் ஜாப் விட்டுக்கொண்டு முன்னேறு. அன்று அலியின் தாடை உடைந்தது. நம் இளைஞர்கள் இந்த இரண்டையும் உடனே செய்துபார்க்கக் கிளம்பினார்கள். பாதி வேலை கால்களுடையது என்பதை நம் பயிற்சியாளர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அவரை நான் மதிப்பது இந்த வெற்றிகளுக்காக அல்ல, ஒரு தோல்விக்காக. 1975 அக்டோபர் 1, பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் பிரேசியரும் அலியும் மீண்டும் மோதிய போட்டி. பதினான்கு சுற்றுகள் முடிந்திருந்தன. பிரேசியரின் இடது கண்ணில் முன்பே பார்வை குறைவு. வலது கண் வீங்கி மூடியிருந்தது. அலியின் வலது கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. எதிர் மூலையில் அலியும் துவண்டு கிடந்தார்; மிச்சம் ஒரே ஒரு சுற்று. பிரேசியர் மறுத்தும் ஃபுட்ச் போட்டியை நிறுத்தினார். "உட்கார் மகனே, முடிந்துவிட்டது. இன்று நீ இங்கே செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள்" என்றார். இன்னும் மூன்று நிமிடம் விட்டிருக்கலாமே என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். நம் கூட்டத்திலும் குரல்கள் உயர்ந்தன.

ஃபுட்ச்சின் மாணவர் ஃப்ரெடி ரோச், "போதும், விட்டுவிடு" என்று குரு சொன்னபோது கேட்காமல் மேலும் சில போட்டிகள் ஆடினார். பிற்காலத்தில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. அதே ரோச்தான் பின்பு ஃபுட்ச்சிடமே உதவியாளராக இருந்து தொழில் கற்று, பிலிப்பைன்ஸின் உலக சாம்பியன் மேனி பாக்கியாவோவை உருவாக்கினார். ஃபுட்ச் 2001-இல், தமது 90-ஆம் வயதில் காலமானார்.

இத்தனையும் இந்த அறிக்கையில் ஏன் என்று கேட்பீர்கள். இந்த ஆண்டு நம் போட்டி ஒன்றில் பயிற்சியாளர் துண்டை எறிந்து, அதாவது தோல்வியை ஏற்று, போட்டியை நிறுத்தியதற்காக, வீரரின் வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடுமையாகப் பேசிவிட்டார்கள். பையன் புள்ளிகளில் முன்னிலையில் இருந்தது உண்மைதான். அவன் தள்ளாடியதும் உண்மை. மறுநாள் அவனே வந்து பயிற்சியாளரிடம் பேசினான். வீட்டார் இதுவரை வரவில்லை. செயற்குழு பயிற்சியாளரின் பக்கமே நின்றது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆகவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரே ஒரு தீர்மானம்: நம் வீரரின் போட்டியை நம் தரப்பிலிருந்து நிறுத்தும் முடிவு, மூலையில் நிற்கும் தலைமைப் பயிற்சியாளருக்கே உரியது. அன்றைய தினம் அதற்கு அவரிடம் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. குறை உள்ளவர்கள் அடுத்த செயற்குழுவுக்கு எழுத்தில் தரலாம். "பெற்றோரின் சம்மதத்துடன்" என்று சேர்க்கும்படி வந்த திருத்தத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. விரும்புவோர் இங்கே அதை மீண்டும் முன்மொழியலாம்.

தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்