53 நாள் தண்ணீர் கொடுத்தவர்களுக்கு

ஆஷ்வில், வட கரோலினா
நவம்பர் 2024

அன்புள்ள எல்லோருக்கும்,

நவம்பர் 18, திங்கட்கிழமை. குழாய்த் தண்ணீரை இனிமேல் காய்ச்சாமலே குடிக்கலாம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. அம்மா ஒரு சொம்பு பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, அப்புறம்தான் வாயில் வைத்தாள். "மருந்து வாடை அடிக்குது. இருக்கட்டும்" என்றாள். ஹெலீன் புயல் அடித்த செப்டம்பர் 27 முதல் எண்ணினால் 53 நாள். அத்தனை நாளும் எங்கள் வீட்டில் குடித்தது, சமைத்தது எல்லாம் யாரோ ஒருவர் சுமந்து கொண்டுவந்த தண்ணீரில்தான்.

இதில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தும் தமிழில் எழுதக் காரணம் அம்மா. ஆகஸ்டில் எங்களோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவள். சும்மா நன்றி என்று வாயால் சொல்லிவிட்டு விமானம் ஏறக்கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சில இடங்களில் நானே சேர்த்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர்களுக்கு என் மகள் ஆங்கிலத்தில் படித்துக் காட்டுவாள்.

எங்கள் ஊர் ஒரு லட்சம் பேர் கூட இல்லாத மலை ஊர். கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேலே. கடலும் வெகு தூரம். புயலுக்குப் பயந்து ஃபுளோரிடாவை விட்டு இங்கே குடிவந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மதுரையிலிருந்து என் அண்ணன் பிற்பாடு கேட்டான், "மலை மேல எப்படிம்மா வெள்ளம் வரும்?" என்று. மலையாக இருப்பதால்தான் வந்தது. புயல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. மண் ஊறிப்போய் அதற்கு மேல் குடிக்க இடமில்லாமல் இருந்த நேரத்தில் புயலும் வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் மூன்று நாளில் சுமார் 14 அங்குலம். எல்லாச் சரிவிலிருந்தும் வழிந்தது பள்ளத்தாக்குக்குத்தானே போக வேண்டும்? பிரெஞ்ச் பிராட் ஆறு 24 அடியைத் தாண்டி ஓடியது. 1916 வெள்ளத்தை இந்த ஊரில் பாட்டன் காலத்துக் கதையாகச் சொல்வார்கள். அதையும் மிஞ்சிவிட்டது. ஆற்றங்கரையில் ஓவியர்கள் கடை வைத்திருந்த பகுதி பெரும்பாலும் போய்விட்டது. மாநிலம் முழுவதும் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எங்களுக்கு ஓக் மரம் ஒன்று கூரை மூலையில் சாய்ந்ததோடு போயிற்று. அதனால் இந்தக் கடிதம் தப்பித்தவர்களின் கடிதம் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

சரி, ஒவ்வொருவராக வருகிறேன்.

முதலில் எதிர்வீட்டு ஐயா. எட்டு வருஷமாக உங்களுக்குக் கையசைத்திருக்கிறேனே தவிர, பத்து நிமிஷம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. சனிக்கிழமை காலை கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருவின் இரண்டு முனையிலும் மரம். உங்கள் மர அறுப்பு இயந்திரத்தின் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தோம். உங்களுக்கு எழுபது வயசுக்கு மேலே இருக்கும். யாரும் கூப்பிடவில்லை. மதியத்துக்குள் ஒரு கார் போகிற அளவுக்கு வழி பண்ணிவிட்டீர்கள். அறுத்த துண்டுகளைப் பிள்ளைகள் உருட்டி ஓரம் சேர்த்தார்கள். அம்மா உங்களுக்குக் கடைசிப் பாலில் காபி போட்டுக் கொடுத்தாள். நீங்கள் "மேம்" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினீர்கள். அன்றிலிருந்து அவளுக்கு நீங்கள் "தொப்பிக்காரர்".

அடுத்தது வானொலி. ப்ளூ ரிட்ஜ் பப்ளிக் ரேடியோ, 88.1. இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் நான் உள்ளூர்ச் செய்தியைக் காது கொடுத்துக் கேட்டதே கிடையாது. பள்ளிக்கூட வாரியக் கூட்டம், பார்க்கிங் கட்டணம், எந்தத் தெருவில் குழி, இதையெல்லாம் யார் கேட்பார்கள்? போன் கோபுரங்கள் செத்துப்போன பிறகு அந்தக் குரல்தான் உலகம். மாவட்ட அதிகாரிகள் பேசுகிற நேரம் பார்த்துத் தெருவே அவரவர் காரில் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருக்கும். எந்தச் சாலை திறந்தது, தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது, எந்தக் கடையில் ரொக்கம் மட்டும் வாங்குகிறார்கள். அணை உடைந்துவிட்டது என்று ஒரு வதந்தி கிளம்பி மதுரை வரை போய்விட்டது. அங்கே அண்ணன் அழுதுகொண்டிருந்த நேரத்தில் இங்கே நாங்கள் வானொலியில் உண்மையைக் கேட்டுவிட்டு நிம்மதியாக ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். அந்த ஸ்டுடியோவில் இருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் தண்ணீர் இருந்திருக்கும்? ஒருவர் கூட அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்கவில்லை.

அண்ணனுக்குத் தகவல் போனது நூலகத்தால். மூடியிருந்த கட்டடத்தின் சுவரோரம் வைஃபை வருகிறது என்று யாரோ சொல்ல, போனோம். வண்டி நிறுத்துமிடம் முழுக்க ஆட்கள், எல்லோரும் போனைப் பார்த்து அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ. "உசிரோட இருக்கோம், அம்மா நல்லா இருக்கா" என்ற ஒரு வரியை அனுப்ப நாற்பது நிமிஷம் ஆனது. வைஃபையை அணைக்காமல் விட்டுப்போன நூலகருக்கு, நீங்கள் யாராக இருந்தாலும், ஒரு கும்பிடு.

இனிமேல்தான் தண்ணீர். இது கொஞ்சம் நீளமாக வரும்.

எங்களுக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் பிளாக் மவுண்டன் பக்கத்தில் உள்ள நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலிருந்து. 2004இல் இரண்டு புயல்கள் வந்து பெரிய குழாய்களை அறுத்துக்கொண்டு போனதால், அப்புறம் மாற்றுக் குழாய் ஒன்றை ஆழமாகப் புதைத்து வைத்தார்கள். இந்த முறை அதுவும் சேர்ந்து போய்விட்டது. குழாயைச் சரிசெய்தால் முடிந்தது என்று நினைத்தோம். இல்லை. நீர்த்தேக்கமே கலங்கிவிட்டது. மலைச்சரிவிலிருந்து வந்த மெல்லிய களிமண் அடியில் தங்காமல் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. அக்டோபர் நடுவில் குழாயில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பழுப்பு நிறம், நீச்சல் குள வாடை. கழிப்பறைக்கு ஆகும், வாயில் வைக்கக் கூடாது.

என் அம்மாவுக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், தள்ளுவண்டியில் எட்டுக் குடம் ஏற்றி இரண்டு மைல் தள்ளியவள். இங்கே முதல் நாள் தண்ணீர் லாரி வரிசையைப் பார்த்ததும் அவள் கேட்டது, "ஏத்தா, இவுகளுக்குக் குடமே கெடையாதா?" பால் டப்பா, ஐஸ் பெட்டி, குப்பைத் தொட்டி, பெயிண்ட் வாளி, ஒருவர் கையில் மீன் தொட்டி. மூடி இல்லாத வாளியைக் காரில் ஏற்றிப் பாதியைச் சீட்டில் சிந்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து மேப்பிள் மரத்தில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து வாளித் தண்ணீரின் மேலே போட்டாள். அலம்பாது. வரிசையில் நின்ற பெண் ஒருத்தி பார்த்துவிட்டுத் தானும் போட்டாள். மறுநாள் ஐந்தாறு வாளியில் மேப்பிள் இலை மிதந்தது. இதில் அம்மாவுக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல.

நீர்த்தேக்கத்தைத் தெளிய வைக்க அலுமினியம் சல்ஃபேட் போடுகிறார்கள் என்று வானொலியில் சொன்னபோது, படிகாரம் மாதிரி ஒரு சாமான் என்று அவளுக்கு விளக்கினேன். "தேத்தாங்கொட்டை வேலைதான்" என்றாள். பானையின் உள்பக்கம் அந்தக் கொட்டையை உரசிவிட்டு ஊருணித் தண்ணீரை ஊற்றி வைத்தால் சேறு அடியில் போய்விடும். ராணுவப் பொறியாளர்கள் நீர்த்தேக்கத்துக்குள் திரை கட்டிக் காற்று கலக்காமல் பார்த்தார்கள். இருந்தும் ஒரு நாள் பலமாகக் காற்றடித்தால் மறுபடி கலங்கும். கலங்கலை அளந்து தினம் ஒரு எண் சொல்வார்கள், குறையக் குறையத் தெளிகிறது என்று அர்த்தம். இருபது சொச்சத்திலேயே பல நாள் நின்றது. "இன்னிக்கு எத்தன?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி அம்மா கேட்பாள். அவள் மட்டுமா, ஊரே கேட்டது. தண்ணீர்த் துறை ஊழியர்களே, நாளைக்கு வந்துவிடும் என்று நீங்கள் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அதற்குத்தான் முதல் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

சார்லட் தம்பிகளுக்கு. இரண்டு மணி நேரப் பயணம், நீங்கள் ஸ்பார்டன்பர்க் வழியாகச் சுற்றி ஐந்து மணி நேரத்தில் வந்தீர்கள். தண்ணீர் கேன், குழந்தைகளுக்கு டயப்பர், புளிக்காய்ச்சல், ஊறுகாய். எல்லாவற்றையும் விட அந்தக் காகிதத் தட்டுக் கட்டு! பாத்திரம் கழுவ முடியாத வீட்டில் அது தங்கம். உங்களில் எந்த வீட்டு அம்மா அதை யோசித்தாரோ, அவரிடம் சொல்லுங்கள். கொண்டுவந்ததில் பாதியைத் தெருவுக்கே பிரித்துக் கொடுத்தோம். தொப்பிக்காரர் இப்போது எலுமிச்சை ஊறுகாயை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்.

நவராத்திரி அக்டோபர் 3ஆம் தேதி தொடங்கியது. கரண்ட் இல்லாத வீட்டில் கொலு எங்கே வைப்பது? தண்ணீர் கேன்களை மூன்று படியாக அடுக்கி, மேலே ஒரு பிள்ளையாரை வைத்தாள் என் மகள். சுண்டல் கிடையாது, டப்பா பீன்ஸ்தான்.

கூரையில் கிடந்த ஓக் மரத்துக்கு வருகிறேன். ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு 4,000 டாலர் கேட்டார், அன்றைக்கே ரொக்கமாக. அவர் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு நாள் கழித்து மஞ்சள் சட்டை போட்ட பாப்டிஸ்ட் சபைத் தொண்டர்கள் ஆறு பேர் வந்தார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஏறினார். மரத்தை அறுத்து இறக்கி, தார்ப்பாய் அடித்து, ஒரு காசு வாங்கவில்லை. போகும்போது, உங்களோடு சேர்ந்து ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். அம்மா யோசிக்கவே இல்லை, கையைக் கூப்பி நின்றுவிட்டாள். அவர்கள் இயேசுவைக் கூப்பிட, இவள் வாய்க்குள் முருகனைக் கூப்பிட, ஆமென் மட்டும் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

வேறு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து வேனில் தூங்கிக் கம்பி இழுத்த மின் ஊழியர்கள். வயசானவர்கள் இருக்கும் அடுக்குமாடிகளில் மாடி மாடியாக வாளி தூக்கிக் கழிப்பறைகளில் ஊற்றிவிட்டு வந்த இளைஞர்கள். கிரீன்வில்லில் எங்களைக் குளிக்கவிட்டு, நாங்கள் குளித்து முடிப்பதற்குள் துணியையும் துவைத்துக் காயப்போட்ட சிநேகிதி. உனக்கு நன்றி சொன்னால் திட்டுவாய், அதனால் சொல்லவில்லை.

இன்னும் எல்லாம் சரியாகிவிடவில்லை. டென்னசி பக்கம் போகும் நெடுஞ்சாலை மூடித்தான் இருக்கிறது. ஸ்வனனோவா ஆற்றங்கரையில் மரக்கிளைகளில் துணியும் பிளாஸ்டிக்கும் தொங்குகின்றன. மகள் பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் ஆனது. குழாயைத் திறக்கும்போது இன்னும் கை தயங்குகிறது. அம்மா தினமும் ராத்திரி ஒரு வாளி பிடித்து மூடி வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு விஷயம் பாக்கி. எங்கள் வராந்தாவில் வெள்ளை வாளி நான்கு, நீலக் கேன் இரண்டு, கைப்பிடி உடைந்த ஐஸ் பெட்டி ஒன்று கிடக்கின்றன. எதுவும் எங்களுடையது இல்லை. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். 28ஆம் தேதி வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் அன்று, நாள் முழுக்க வீட்டில்தான் இருப்போம். அவரவர் சாமானை அடையாளம் பார்த்து எடுத்துப் போகலாம். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். அம்மா சாம்பார் வைக்கிறாள், தொப்பிக்காரர் வான்கோழி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஹா கிரீக்கில், கூரையில் நீலத் தார்ப்பாய் போட்ட வீட்டிலிருந்து
அம்மாவும் நாங்களும்